கோணமலைக்கு எத்தனை வயது? ரியூசன் கொப்பியின் கடைசிப் பக்கக் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கதிர்த்தொழிற்பாடு, அதாவது சில அணுக்கள் தாமாகவே சிதைவது பற்றிய பாடம் வந்தால் போதும், வகுப்பு வேறு பக்கம் திரும்பிவிடும். அரைவாழ்வுக் காலம் (சிதைகிற பொருள் பாதியாகக் குறையும் காலம்) என்று பலகையில் எழுதி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒரு கை எழும்பும்: “சேர், அப்ப பூமிக்கு ஆறாயிரம் வருசம் எண்டு சேர்ச்சில சொன்னது?” நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் யுகக் கணக்கோடு வருவார். மூன்றாமவர் கன்னியா வெந்நீர்க் கிணற்றைக் கொண்டுவருவார். ஒரே வாங்கில் சைவம், கத்தோலிக்கம், மெதடிஸ்ற், இஸ்லாம் எல்லாம் இருக்கும் ஊர் இது. சண்டை வராது, ஆனால் பாடமும் நடக்காது.

ஆகவே, கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று சொன்னேன். சேர்ந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சில கேள்விகள் வீட்டில் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவை, கையெழுத்திலேயே தெரிந்தது. அவர்களுக்கும் இதே பதில்தான்.

முதலில் நேராகச் சொல்லுங்கள். பூமிக்கு எத்தனை வயது?

ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். நாலரைக் கோடி அங்கே இங்கே பிசகலாம். அவ்வளவு பிசகா என்று வாயைப் பிளக்க வேண்டாம். நூறு ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாய் சில்லறை இடிக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு யாரும் இருந்து பார்க்கவில்லையே. பிறகு எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?

சாமியறைக்குள் போகிறீர்கள். ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கிறது. கொளுத்தியவரை நீங்கள் காணவில்லை. ஆனால் உதிர்ந்த சாம்பலையும் மிச்சமிருக்கிற குச்சியையும் பார்த்து, அந்தப் பத்தி என்ன வேகத்தில் எரியும் என்றும் தெரிந்திருந்தால், அம்மா எப்போது விளக்கேற்றினார் என்று சொல்லிவிடுவீர்கள். சாம்பலை யாரும் கூட்டி அள்ளவில்லை, வெளியிலிருந்து வேறு சாம்பல் வந்து விழவில்லை என்பது மட்டும் உறுதியாக வேண்டும்.

அந்த உறுதியைத் தரும் பொருள் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. புல்மோட்டைக் கடற்கரை, பட்டினத்திலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நிலாவெளி மணல் வெளிறிக் கிடக்க, அங்கே மணல் கறுப்பு. இல்மனைட், ரூட்டைல், கொஞ்சம் மொனசைட், கூடவே சிர்கான் என்று பல கனியங்கள் கலந்தது. அரசின் கனிய மணல் கம்பனி அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறது. நமக்கு வேண்டியது அந்தச் சிர்கான்.

சிர்கான் பளிங்கு, உருகிய பாறைக் குழம்பிலிருந்து உறையும்போது யுரேனிய அணுவைத் தனக்குள் இடம் கொடுத்து வைத்துக்கொள்ளும். ஈயத்தை வைத்துக்கொள்ளாது, அதன் அடுக்குக்குள் ஈய அணு பொருந்தாது. ஆக, பிறந்த அன்று அதற்குள் யுரேனியம் உண்டு, ஈயம் அநேகமாக இல்லை. யுரேனியமோ சும்மா இராது, சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. இன்றைக்கு ஒரு சிர்கான் மணிக்குள் ஈயம் இருந்தால் அது உள்ளேயே பிறந்த ஈயம். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விசயம். யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும். 235க்கு 70 கோடி போதும். இரண்டும் வெவ்வேறு ஈயத்தைத் தருகின்றன. அதாவது மணல் மணிக்குள் இரண்டு மணிக்கூடு, இரண்டும் வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால், இடையில் அந்தக் கல்லுக்கு ஏதோ நடந்திருக்கிறது, சூடேறி ஈயம் கசிந்திருக்கலாம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தன் பொய்யைத் தானே சொல்லும் சாட்சி இது. மனிதச் சாட்சிகளில் அப்படி யாரையும் நான் கண்டதில்லை.

அப்படியானால் கோணேசர் மலைக்கும் 454 கோடி வயதா?

இல்லை. கோணேசர் கோயில் நிற்கிற அந்தக் கோணமலை மிகவும் இளையது. திருகோணமலை, கண்டிப் பக்கமிருந்து வடகிழக்காக நீண்டுவரும் பழைய பாறைத் தொகுதியின் ஓரத்தில் இருக்கிறது. அதன் மூலப்பொருள் இன்னும் பழையது என்றாலும், இன்றைய பாறையாக வெந்து உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பூமிக்கு அது பேரப்பிள்ளை.

பூமியின் சொந்தப் பாறையில் முதல் நாளைத் தேட முடியாது. பூமி தன் பழைய பாறையை உருக்கி, அரைத்து, மறுபடி வார்த்துக்கொண்டே இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு சிர்கான் மணி 440 கோடி ஆண்டு வரை போகிறது. அதற்கு அப்பால் கையில் எதுவும் இல்லை. ஆகவே, பூமியோடு ஒன்றாக உருவாகி, பிறகு உருகாமல் குளிர்ந்து கிடந்த பொருளைத் தேட வேண்டும். விண்கல்தான் அது.

கிளேர் பற்றர்சன் என்ற அமெரிக்கர், அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் ஈயத்தையும் வேறு விண்கற்களின் ஈயத்தையும் அளந்து 1956இல் 455 கோடி என்று வெளியிட்டார். எழுபது ஆண்டளவு ஆகிவிட்டது, அந்த எண் பெரிதாக அசையவில்லை. ஆனால் அந்த மனிதர் பட்ட பாடு பெரிது. எத்தனை தரம் அளந்தாலும் ஈயம் கூடக் கூட வந்தது. ஆய்வுகூடத்துத் தூசியில், குழாய்த் தண்ணீரில், தன் தலைமயிரில்கூட ஈயம். அறையைக் கழுவிக் கழுவி, காற்றை வடிகட்டி, பல ஆண்டு போராடித்தான் சுத்தமான அளவு கிடைத்தது. பிறகுதான் அவர் யோசித்தார்: இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது? பெற்றோலில் கலந்த ஈயத்திலிருந்து. மிச்ச ஆயுளை அதை நிறுத்தச் செலவழித்தார். எண்ணெய்க் கம்பனிகள் அவர் ஆராய்ச்சிப் பணத்தில் கைவைத்தும் விடவில்லை. வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் அதை நிறுத்தியது. பூமியின் வயதைத் தேடப்போய் நம் பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றிய கதை. இதை நான் ஒவ்வொரு வருசமும் சொல்லுவேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

கார்பன் முறையில் பிழை வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

வரும். அதனால் பூமியின் வயதுக்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கார்பன்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. எலும்பு, கரி, சிப்பி இவற்றுக்குத்தான் அது. மூக்குத்தி நிறுக்கிற தராசில் நெல்லு மூடையை வைத்துவிட்டுத் தராசைத் திட்டுவது போன்றது அந்த வீடியோ.

சிதையும் வேகம் அந்தக் காலத்தில் கூடுதலாக இருந்திருக்கலாம்தானே?

நல்ல கேள்வி. இதை எழுதிய பிள்ளைக்கு ஒரு சபாஷ். இரண்டு பதில். ஆபிரிக்காவில் காபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாது தானாகவே அணு உலைபோல எரிந்திருக்கிறது. 1972இல் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாம்பலில் கிடைத்த மூலகங்களின் அளவைப் பார்த்தால், அணுவுக்குள் நடக்கும் காரியங்கள் அன்றும் இன்றுபோலவே நடந்தன என்று தெரிகிறது. இரண்டாவது, சிதையும்போது வெப்பம் வரும். 454 கோடி ஆண்டின் வெப்பத்தை ஆறாயிரம் ஆண்டுக்குள் அடக்கினால் பூமி உருகி ஓடியிருக்கும். தோணி விட ஒரு சொட்டுத் தண்ணீரும் மிஞ்சியிராது.

விஞ்ஞானிகளே எண்ணை மாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? நாளைக்கு இதுவும் மாறாதா?

மாறித்தான் வந்தது. 1862இல் கெல்வின் பிரபு என்ற பிரித்தானியப் பௌதிகவியலாளர், உருகிய பூமி குளிர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் என்றார். வயது போகப் போக அதையும் 2 முதல் 4 கோடி என்று இறுக்கினார். அவர் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. பூமியின் உள்ளே பாறை மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது என்பதும், உள்ளேயே கதிர்த்தொழிற்பாட்டால் வெப்பம் பிறக்கிறது என்பதும் அவர் கணக்கில் இல்லை. கதிர்த்தொழிற்பாடே 1896இல்தான் தெரியவந்தது.

அடுத்த மாற்றத்தில் நம் நாடு வருகிறது. ஆனந்த குமாரசுவாமியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடராசர் வடிவத்தைப் பற்றி உலகம் இன்றும் படிக்கிற கட்டுரையை எழுதியவர். அவர் தொடங்கியது கல்லில். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்கு முதல் பணிப்பாளராக இருந்து, மாட்டு வண்டி போகிற பாதைகளில் நாடு முழுக்கக் கல் தேடித் திரிந்தவர். 1904இல் சப்பிரகமுவப் பக்கம் அவர் கண்டெடுத்த கறுப்புக் கனியம் ஒன்று, அதுவரை யாருக்கும் தெரியாத புதிய வகை என்று இலண்டனில் உறுதியானது. தோரியம் நிறைய இருந்ததால் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1907இல், போல்ட்வுட் என்ற அமெரிக்கர் யுரேனியம், ஈயம் இரண்டையும் வைத்து முதன்முதலாகப் பாறை வயதுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஆகக் கூடிய வயது இலங்கைத் தோரியனைற்றுக்கு: 220 கோடி ஆண்டு. கெல்வினின் எண்ணை ஒரே அடியில் தூக்கி எறிந்த எண்களில் அதுவும் ஒன்று.

அந்த 220 கோடி பிழை. தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பதை போல்ட்வுட் கணக்கில் எடுக்கவில்லை. தோரியம் நிறைந்த கல்லில் இருந்த ஈயத்தையெல்லாம் யுரேனியத்தின் தலையில் எழுதிவிட்டார். திருத்திப் போட்டால் இலங்கைத் தோரியனைற்றின் வயது ஐம்பது கோடியை ஒட்டி வரும், நம் பாறைகளின் வயதோடு பொருந்தி.

ஆக, எண் மாறியது உண்மை. மாற்றியவர்கள் அதே வேலையைச் செய்தவர்கள்தான், காரணத்தையும் எழுதி வைத்தார்கள். 1956க்குப் பிறகு மாறியது கடைசி இலக்கம் மட்டும். நாளைக்கு 454 என்பது 455 ஆகலாம். ஆறாயிரம் ஆகாது.

இதையெல்லாம் நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்களே? ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு!

இதுதான் அதிகம் வந்த கேள்வி. பதினொரு கொப்பி. ஆச்சரியக்குறி எல்லாவற்றிலும் இருந்தது.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் ஐயர் சங்கல்பம் சொல்லும்போது கவனித்திருப்பீர்கள்: சுவேத வராக கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அட்டாவிம்சதிதமே கலியுகே… அது ஒரு முகவரி. நாடு, ஊர், தெரு, வீட்டு இலக்கம் என்று எழுதுவதுபோல, காலத்தில் நாம் நிற்கிற இடத்தைப் பெரியதிலிருந்து சிறியதாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த முகவரியை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. எழுபத்தொரு சதுர்யுகம் ஒரு மன்வந்தரம். ஆறு மன்வந்தரம் போய்விட்டது, ஏழாவதில் இருபத்தேழு சதுர்யுகம் போய்விட்டது, இருபத்தெட்டாவதில் மூன்று யுகம் முடிந்து கலியுகத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். இடையில் வரும் சந்திக் காலங்களையும் கூட்டுங்கள். வருவது ஏறத்தாழ 197 கோடி.

432 கோடி என்பது பிரமாவின் ஒரு பகல் முழுவதும். அதில் இதுவரை கழிந்தது 197 கோடி. பூமியின் வயதோடு ஒப்பிட வேண்டுமென்றால் கழிந்த காலத்தைத்தானே ஒப்பிட வேண்டும்? நாற்பது வயதுக்காரரிடம் வயது கேட்டால், ஆயுள் எண்பது என்று சாதகத்தில் இருப்பதைச் சொல்வாரா? 454க்குக் கிட்ட வருகிற எண்ணைப் பொறுக்கி எடுத்து, கிட்ட வராததை மறைத்துவிடுகிறோம். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி.

அந்தக் கணக்கின் பெருமையை நான் குறைக்கவில்லை. மற்றவர்கள் ஆயிரங்களில் எண்ணிய காலத்தில் கோடிகளில் நினைக்கத் துணிந்தது சின்ன விசயமா? அந்தத் துணிவு அதன் சொந்தப் பெருமை. சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போய், பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) மூன்றும் அநாதி, தொடக்கமே இல்லை என்கிறது. உலகம் மாயையிலிருந்து தோன்றும், நிற்கும், ஒடுங்கும், மறுபடி தோன்றும். இதில் எந்த இடத்தில் புல்மோட்டைச் சிர்கானின் சான்றிதழ் தேவைப்படுகிறது?

பைபிளின்படி ஆறாயிரம் ஆண்டு என்பது?

பைபிளில் அந்த எண் இல்லை. தேடிப் பாருங்கள். ஆதாமிலிருந்து வரும் வம்ச வரலாற்றின் வயதுகளைக் கூட்டி, மற்ற நாட்டு வரலாறுகளோடு பொருத்தி, கி.மு. 4004 ஒக்டோபர் 23 என்று 1650இல் கணித்தவர் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் உஷர். பின்னாளில் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது மெல்ல நடுவுக்கு வந்துவிட்டது. உஷரைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அவர்மேல் மரியாதைதான். அன்றைக்குக் கையில் கிடைத்த ஏடுகளை வைத்து உண்மையாக உழைத்த மனிதர். ஏடுகள் மட்டும்தான் இருந்தன, அதுதான் குறை.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. பிரபஞ்சம் ஒரு சிறு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931இல் முன்வைத்த ஜோர்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பியூஸ், விஞ்ஞானம் படைப்பை உறுதிசெய்கிறது என்ற தொனியில் பேசியபோது, அதிகம் சங்கடப்பட்டவர் அந்தக் குருதான். தன் கோட்பாட்டைத் தன் சமயத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. நாளைக்குக் கோட்பாடு திருத்தப்பட்டால் ஆண்டவரையும் திருத்துவதா? பதினொரு கொப்பிக்காரரும் இந்தக் குருவைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குர்ஆன் ஆறு நாள் என்கிறது. இதற்கு என்ன பதில்?

கிண்ணியாவிலிருந்து வருகிற மாணவி எழுதியது. நான் மார்க்கம் படித்தவன் இல்லை, ஆகவே எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். குர்ஆனில் பூமியின் வயது என்று ஓர் எண் இல்லை. இறைவனிடத்தில் ஒரு நாள் நீங்கள் எண்ணும் ஆயிரம் ஆண்டு போன்றது என்று ஓரிடத்தில், ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாள் என்று இன்னோரிடத்தில் வருகிறது. நம் இருபத்துநாலு மணித்தியாலத்தை அதில் ஏற்றத் தேவையில்லை என்று உலமாக்கள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அவளுக்கு நான் சொன்ன கதை அல்-பிரூனியுடையது. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த முஸ்லிம் அறிஞர். மலையடிவாரத்தில் ஆற்றுக் கற்கள் பெரிதாகவும், போகப்போகச் சிறிதாகவும், கடைசியில் மணலாகவும் கிடப்பதைப் பார்த்து, இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறு கொண்டுவந்த மண்ணால் தூர்ந்தது என்று எழுதினார். மகாவலியில் இதையே பார்க்கலாம். பேராதனைப் பாலத்தடியில் பாறையும் உருண்டைக் கல்லும். மூதூருக்குக் கிட்ட கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தில் காலைப் புதைக்கிற சேறு. அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிற மண் அது.

பௌத்தத்தில்?

எண் சொல்லாமல் உவமை சொல்கிறது. ஒரு யோசனை (பழைய தூர அளவு) நீள அகல உயரமுள்ள கல்மலையை நூறாண்டுக்கு ஒருமுறை காசிப் பட்டால் ஒரு தரம் தடவினால், மலை தேய்ந்துபோகும், கல்பம் முடிந்திருக்காது. புவிச்சரிதவியல்காரர் ஒருவரும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

இராவணன் வெட்டு இராவணன் வெட்டியதா?

கோயிலுக்கு ஏறும் வழியில் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் அந்தப் பிளவு. தாய் வழிபடுவதற்காக மலையைப் பெயர்க்க வாளால் வெட்டினான் என்பது கதை. அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது; கையை இறுக்கிப் பிடித்தது பக்தியாலா, பேரன் விழுந்துவிடுவான் என்ற பயத்தாலா தெரியாது.

இந்தப் பாறை உருமாறியது இருபது கிலோமீட்டருக்கும் கீழே. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டில் அரிபட்டுப் போக, பாரம் குறைந்து, பாறை மேலே வந்து, வெடித்தது. வெடித்த கோட்டில் கடல் உளி வைத்தது. பெரிய வெட்டு வேறு ஒன்று இருக்கிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இலங்கை அண்டாட்டிக்காவோடு ஒட்டிக் கிடந்தது. அங்கேயும் நம் பாறைக்குச் சொந்தக்காரப் பாறை உண்டு. பிறகு கண்டம் பிளந்து, இடையில் கடல் புகுந்தது. மலை உச்சியில் நின்று நீங்கள் பார்க்கிற நீலம் அந்த வெட்டுத்தான்.

கதையை வரலாறாக எடுத்தால் வேறு சிக்கல் வரும். இராவணன் திரேதாயுகத்தவன். இடையில் துவாபரயுகம் மட்டுமே 8,64,000 ஆண்டு. நம் இன மனிதரின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுக்குத்தான் போகின்றன. யுகக் கணக்கும் எலும்புக் கணக்கும் ஒன்றுக்கொன்று இடம் கொடாது. இராமர் அணைக்கு 17 இலட்சம் வயது என்று நாசா சொன்னதாக 2002இல் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. படத்தை வைத்து வயது சொல்ல முடியாது என்று நாசாவே மறுத்தது. மறுத்தது ஊரெல்லாம் சுற்றவில்லை.

கன்னியாவின் ஏழு கிணறும்? பக்கம் பக்கமாக இருந்தும் சூடு வித்தியாசம். இது அற்புதம் இல்லையா?

தாயின் ஈமக்கிரியைக்குத் தண்ணீர் வேண்டி இராவணன் ஏழு இடத்தில் குத்தியதாகக் கதை. இன்றும் ஊர்ச்சனம் அந்தியேட்டிக்கு அங்கே போகிறது. (இடம் யாருக்கு உரியது என்ற வழக்கு வம்புக்குள் நான் இங்கே போகவில்லை.)

இலங்கையில் எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருபத்தைந்து பாகை அளவில் சூடு கூடும். அங்கே காய்ந்து, வேறு வெடிப்பு வழியாக விரைந்து மேலே வந்தால் வெந்நீரூற்று. ஒவ்வொரு கிணற்றிலும் மேல்நிலத்துக் குளிர்ந்த தண்ணீர் வெவ்வேறு அளவில் கலப்பதால் சூடு ஒன்றுபோல் இராது. தண்ணீர் நாற்பது பாகையை ஒட்டி இருக்கும்.

அந்த ஆழத்துச் சூடு எங்கிருந்து? பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, யுரேனியமும் தோரியமும் பொற்றாசியமும் சிதைவதால் வருவது. புல்மோட்டை மணலுக்குள் மணிக்கூடாக ஓடுவதுதான் கன்னியாவில் தண்ணீர் காய்ச்சுகிறது. கெல்வின் கணக்கில் விடுபட்டதும் அதே அடுப்புத்தான். அப்பாவின் அந்தியேட்டியன்று ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக என் தலையில் ஊற்றிக்கொண்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன்.

சுனாமியில் தப்பியவை? அதைக்கூட அற்புதம் என்று சொல்லக்கூடாதா?

2004 மார்கழி 26. மலைக்கோயில் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அங்கே ஏறாது. தப்பியவர் தன் தெய்வத்துக்கு நன்றி சொல்வதை நான் ஒருநாளும் மறித்துப் பேசமாட்டேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, எங்களைச் சாமி காப்பாற்றியது என்று ஒருவர் சத்தமாகச் சொன்னதை ஒரு செத்தவீட்டில் கேட்டேன். அந்தத் தாய் எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டார்.

கடவுள் பூமியைப் பழையதாகத் தெரியும்படியே ஆறாயிரம் ஆண்டுக்கு முன் படைத்திருந்தால்?

இதை மறுக்கவே முடியாது. 1857இல் பிலிப் கொஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இதைத்தான் சொன்னார். படைத்த அன்றே தென்னை காய்க்க வேண்டுமென்றால், விழாத மட்டைகளின் தழும்பு மரத்தில் இருந்தாக வேண்டும். ஆதாமுக்குத் தொப்புள் இருந்தாக வேண்டும். பாறைக்குள் ஈயமும் அப்படியே. தர்க்கம் சரி. ஆனால் இப்படியே போனால், உலகம் போன செவ்வாய்க்கிழமைதான் நம் ஞாபகங்களோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்றாலும் மறுக்க முடியாது. அப்புறம், யுரேனியம் 238க்கும் 235க்கும் சரியாகப் பொருந்தும்படி ஒவ்வொரு மணல் மணிக்குள்ளும் பொய் ஈயத்தை எண்ணி வைத்த கடவுளை என் அம்மம்மாவிடம் காட்டினால், “உது ஆரடா?” என்று கேட்டிருப்பார்.

அப்படியானால் அற்புதமே நடக்காது என்கிறீர்களா, சேர்?

அப்படி எழுதவில்லையே. தடயம் விடாத அற்புதத்தை என்னால் அளக்க ஏலாது, ஆகவே அதைப்பற்றி இரசாயனவியல் ஆசிரியராக எனக்குக் கருத்தும் இல்லை. உலகை மூடிய வெள்ளம், ஆறாயிரம் ஆண்டுப் பூமி, பெயர்த்த மலை போன்றவை தடயம் விட்டிருக்க வேண்டியவை. போய்ப் பார்க்கலாம். பார்த்தாயிற்று.

நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா?

வெள்ளிக்கிழமை. கோட்டை வாசலில் மான்கள் மறித்தால் கொஞ்சம் சுணங்கும்.

பரீட்சையில் எதை எழுத வேண்டும்?

454 கோடி ஆண்டு. ஆண்டு என்ற அலகை எழுதாவிட்டால் புள்ளி குறைப்பார்கள். போன தவணை ஆறு பேருக்கு நானே குறைத்தேன்.